செம்பனைக் காட்டுக்குள் எக்ஸ்புளோரேஸ்: போனை நம்பி செக்பாயிண்ட் வைக்கலாமா?

சுங்கை சிப்புட் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர்கள் சேர்ந்து, செம்பனைத் தோட்டத்துக்குள் வரைபடம் பார்த்து வழி கண்டுபிடித்து ஓடும் எக்ஸ்புளோரேஸ் போட்டி ஒன்று நடத்தப் போகிறோம். ஒவ்வொரு செக்பாயிண்டிலும் முத்திரை குத்த ஆள் உட்கார வைக்க எங்களிடம் ஆள்பலம் இல்லை. போனே பதிவு செய்துகொள்ளும் ஆப் இருக்கிறதாமே? ஜிபிஎஸ் நல்லதா, கியூஆர் ஒட்டுவது நல்லதா? உள்ளே பல இடத்தில் போன் லைன் கிடையாது. எப்படி அண்ணே செய்வது?"

தாராளமாகச் செய்யலாம் தம்பி. லைன் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், அது பெரிய சிக்கலே இல்லை. கவலைப்பட வேண்டியது மரத்தைப் பற்றி. எந்த ஆப் என்று தேடுவதில் எல்லாரும் வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். போட்டி நன்றாக நடப்பதும் சொதப்புவதும் செக்பாயிண்டை எந்த இடத்தில் வைக்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. அதனால் ஆப் கதையைச் சுருக்கமாக முடித்துவிட்டு இடத்துக்கு வருகிறேன்.

ஓரியன்டியரிங், அதாவது இப்படி வரைபடம் பார்த்து வழி கண்டுபிடித்து ஓடும் விளையாட்டை ஆடுபவர்கள் பல நாடுகளில் பயன்படுத்துவது மேப்ரன் என்ற இலவச ஆப். ஆஸ்திரேலியாவில் உருவானது. செக்பாயிண்டுகளின் இருப்பிடத்தை ஒரு கேஎம்எல் கோப்பிலும், வரைபடப் படத்தை ஒரு கேஎம்இசட் கோப்பிலும் ஏற்றிவிட்டால் போதும். போட்டியாளர் வீட்டு வைஃபையில் அதை முன்கூட்டியே இறக்கிக்கொள்வார். ஓடும்போது டேட்டா தேவையில்லை. செக்பாயிண்டுக்குக் குறிப்பிட்ட தூரத்துக்குள் வந்ததும் போன் பீப் என்று ஒலி எழுப்பி நேரத்தைக் குறித்துக்கொள்ளும். முடித்துவிட்டு லைன் கிடைக்கும் இடத்துக்கு வந்ததும் முடிவு இணையத்தில் ஏறிவிடும். ஜிபிஎஸ் என்பது செயற்கைக்கோள் அனுப்புவதைப் போன் கேட்டுக்கொள்வது மட்டுமே, போன் எதையும் திருப்பி அனுப்புவதில்லை. தொலைத்தொடர்புக் கோபுரமே இல்லாத இடத்திலும் வேலை செய்வதற்கு அதுதான் காரணம்.

இனி மரம். அந்தச் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் சிக்னல் நம்மை எட்டும்போது மிகவும் மெலிந்து போயிருக்கும். இலையில் உள்ள தண்ணீர் அதை இன்னும் உறிஞ்சிக்கொள்ளும். மழை பெய்து மட்டையெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தால் கூடுதலாகவே உறிஞ்சும். மிச்சம் இருப்பதும் மரத்தில் பட்டுச் சுற்றி வருவதால் போன் தன்னை ஐந்து, பத்து மீட்டர் தள்ளி நினைத்துக்கொள்கிறது. திடலில் நின்று சோதித்துப் பார்த்துவிட்டு "நன்றாக வேலை செய்கிறது" என்று வீட்டுக்குப் போய்விட்டால் போட்டி நாளன்று பஞ்சாயத்துதான்.

செம்பனையிலும் எல்லாக் காடும் ஒன்றல்ல. புதிதாக மறுநடவு செய்த பிளாக்கில் வானம் திறந்திருக்கும், ஜிபிஎஸ் அருமையாக இருக்கும். ஆனால் தரையெல்லாம் மூடுகொடி, முழங்கால் உயரத்தில் முள் மட்டை. அங்கே பிள்ளைகளை ஓடவிட முடியாது. எட்டிலிருந்து பன்னிரண்டு வயது மரங்கள் உள்ள பிளாக்தான் மோசம். மட்டைகள் ஒன்றோடொன்று பின்னிக் கூரை போட்ட மாதிரி இருக்கும். இருபது வயது தாண்டிய மரங்கள் உயர்ந்துவிடுவதால் இடையில் வெளிச்சம் விழும், ஓடவும் வசதி, போனும் ஓரளவு சொன்ன பேச்சைக் கேட்கும். பால்மர (ரப்பர்) காடு இன்னும் மிச்சமிருந்தால் பிப்ரவரி, மார்ச் இலையுதிர் காலத்தில் சோதித்துவிட்டு ஜூனில் போட்டி வைக்காதீர்கள். புது இலை வந்த பிறகு கணக்கே மாறிவிடும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். செம்பனையைப் பொதுவாக 9 மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடுவார்கள். ஒரு ஹெக்டேருக்கு 140 மரம் போல வரும். நிரைக்கும் நிரைக்கும் இடையே 8 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. நீங்கள் செக்பாயிண்டுக்கு 15 மீட்டர் ஆரம் வைத்தால், அதாவது அந்தத் தூரத்துக்குள் வந்ததும் போன் பீப் அடிக்கட்டும் என்று வைத்தால், அந்த வட்டத்துக்குள் சுமார் பத்து மரம் இருக்கும். அதாவது நீங்கள் மனதில் வைத்த நிரையில் வந்தாலும் பீப், அதற்கு அடுத்த நிரையில் வந்தாலும் பீப். இதனால் "மூன்றாவது நிரையில் ஏழாவது மரம்" என்றெல்லாம் செக்பாயிண்ட் வைப்பது வீண். போனுக்கு அந்த மரமும் தெரியாது, பக்கத்து மரமும் தெரியாது. போட்டியாளருக்கும் எல்லா மரமும் ஒரே மாதிரிதான் இருக்கும். அவர் ஆப் எப்போது கத்தும் என்று போனை நீட்டிக்கொண்டு சுற்றுவாரே தவிர வரைபடத்தைப் பார்க்க மாட்டார். வழி கண்டுபிடிக்கும் போட்டி அத்தோடு செத்தது.

அதனால் செக்பாயிண்டைக் கண்ணுக்குத் தெரியும் பொருளில் வையுங்கள், மேலே வானம் தெரியும் இடமாகவும் பாருங்கள். தோட்டத்தில் அப்படிப்பட்ட இடத்துக்குப் பஞ்சமில்லை. இரண்டு மண்சாலை வெட்டிக்கொள்ளும் சந்தி. வாய்க்கால் பாலம். பிளாக் எண்ணும் நட்ட ஆண்டும் எழுதிய கட்டை. சாலையோரம் குலை அடுக்கும் மேடை. தண்ணீர்த் தொட்டி. எலியைக் கட்டுப்படுத்தத் தோட்டக்காரர்கள் கம்பத்தில் பொருத்தி வைத்திருக்கும் ஆந்தைக் கூண்டு. இந்த ஆந்தைக் கூண்டு எனக்கு மிகவும் பிடித்த செக்பாயிண்ட். உயரத்தில் இருக்கும், வரைபடத்தில் ஒரு புள்ளியாகக் குறிக்கலாம், மேலே பார்த்துக்கொண்டு வருபவருக்கு மட்டும் கிடைக்கும். கூண்டைத் தட்டக் கூடாது, கம்பத்தில் எதையும் ஆணி அடிக்கக் கூடாது என்று மட்டும் சொல்லி வையுங்கள்.

பாலத்தில் வைக்கும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். வட்டத்துக்கு ஆறு தெரியாது, வாய்க்கால் தெரியாது. நீங்கள் செக்பாயிண்டை வாய்க்காலின் அக்கரையில் வைத்து, வாய்க்கால் 6 மீட்டர் அகலம்தான் என்றால், இக்கரையில் ஓடி வருபவருக்கும் பீப் அடித்துவிடும். பாலத்தைத் தேடி 300 மீட்டர் சுற்றிப் போனவர் ஏமாளியாகிவிடுவார். அக்கரையில் கரையை விட்டு 40 மீட்டராவது உள்ளே தள்ளி வையுங்கள், அல்லது பாலத்தின் நடுவிலேயே வையுங்கள். வேலிக்கும் இதே விதிதான். இரண்டு செக்பாயிண்டுகளுக்கு இடையேயும் 60 மீட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பக்கம் சுண்ணாம்புக் குன்றுகள் வேறு உண்டு. குன்றின் அடிவாரத்தை ஒட்டி நின்றால் பாதி வானம் மறைந்துவிடும், மிச்ச சிக்னலும் பாறையில் பட்டுத் திரும்பி வரும். அங்கே ஆரத்தை 25 மீட்டராகக் கூட்டினாலும் நம்ப முடியாது. அப்படிப்பட்ட இடத்தில்தான் கியூஆர்.

கியூஆர் பற்றி என் கருத்து: எல்லா இடத்திலும் வேண்டாம், ஜிபிஎஸ் தடுமாறும் இரண்டு மூன்று இடங்களுக்கு மட்டும் போதும். ஓடி வந்தவர் நின்று, வியர்வைக் கையால் போனைத் திறந்து, கேமராவை நீட்டி, அது தெளியும் வரை காத்திருப்பது ஓட்டத்தின் சுவையைக் கெடுக்கும். மேப்ரன்னிலேயே கியூஆர் வசதி இருக்கிறது. முழுக்க கியூஆர் கொண்டே நடத்த விரும்பினால் ஐஓரியன்டியரிங் என்ற ஆப் உண்டு, அதுவும் லைன் இல்லாமல் ஸ்கேன் செய்யும். கியூஆருக்குள் கூகுள் படிவத்தின் முகவரியை வைத்து ஒட்டிவிட்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். லைன் இல்லாத இடத்தில் அந்தப் பக்கம் திறக்கவே திறக்காது.

கியூஆரை உருவாக்கும்போது பிழை தாங்கும் அளவை (error correction) உச்சத்துக்கு வையுங்கள். அந்த அளவில் குறியீட்டில் சுமார் 30 விழுக்காடு அழிந்தாலும் படிக்கும். தோட்டத்தில் சேறும் எறும்பும் படும், அது தேவைப்படும். பளபளக்கும் லேமினேஷன் காலை வெயிலில் கண்ணாடியாகிவிடும், மங்கல் வகை கேளுங்கள். இன்னொன்று, முதல் நாள் மாலையே போய் ஒட்டிவிட்டு வந்தால் காலையில் இருக்குமா என்று சொல்ல முடியாது. மாடு மென்றுவிடும், அல்லது ஏதோ விளம்பரம் என்று யாராவது கிழித்துவிடுவார்கள். விடியற்காலை மோட்டாரில் ஒரு சுற்றுப் போய் மாட்டுவதுதான் சரி.

கியூஆரை ஒருவர் படமெடுத்து நண்பருக்கு வாட்சாப்பில் அனுப்பிவிட்டால்? அனுப்புவார்கள், நம் பிள்ளைகளைப் பற்றி நமக்குத் தெரியாதா. இதற்குப் பழைய மருந்தே போதும். ஒவ்வொரு செக்பாயிண்டிலும் ஒரு சின்னப் பலகை கட்டி, அதில் எண்ணோடு ஓர் எழுத்தும் எழுதுங்கள். 34 என்ற பலகையில் "ழ". குழு தன் வரைபடத்தில் 34 பக்கத்தில் பேனாவால் அந்த எழுத்தை எழுத வேண்டும். இதையும் அனுப்பலாம்தான், ஆனால் ஆப் வைத்திருக்கும் ஓடிய தடமும் எழுத்தும் ஒத்துப்போக வேண்டும் என்று சொல்லிவிட்டால் பெரும்பாலோர் வம்புக்குப் போக மாட்டார்கள். அதைவிட முக்கியமான பயன், போன் செத்துப் போனாலும் அந்தக் குழுவின் உழைப்பு வீணாகாது. பீப் வரவில்லை என்று சண்டைக்கு வருபவரிடம் எழுத்தைக் கேளுங்கள். சரியாகச் சொன்னால் புள்ளியைக் கொடுத்துவிடுங்கள். இந்த விதியைத் தொடங்கும் முன்பே அறிவித்துவிட்டால் முடிவில் வாக்குவாதம் இருக்காது.

எண்களை 1, 2, 3 என்று வைக்காமல் 31-லிருந்து தொடங்குவது ஓரியன்டியரிங் வழக்கம். ஓட வேண்டிய வரிசை எண்ணோடு பலகை எண் குழம்பாமல் இருக்க அந்த ஏற்பாடு. பலகைக்குப் பக்கத்தில் ஆரஞ்சும் வெள்ளையுமாக 30 சென்டிமீட்டர் சதுரக் கொடி கட்டுவதும் அவர்கள் வழக்கம். பழைய பதாகைத் துணியில் தைத்துக்கொள்ளலாம்.

வரைபடத்துக்கு வருவோம். தோட்ட அலுவலகச் சுவரில் அழகான படம் ஒன்று மாட்டியிருக்கும், கிராணியிடம் கேட்டால் நகல் கொடுப்பார். பிளாக் எல்லை பார்க்க அது நல்லது. ஆனால் அதிலிருந்து ஆயத்தொலைவை எடுத்து ஆப்பில் போடாதீர்கள். நம் நாட்டுப் பழைய வரைபடங்கள் கெர்த்தாவ் என்ற ஆயத்தொலைவு அடிப்படையில் வரைந்தவை, ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ்84 என்ற வேறோர் அடிப்படை. மாற்றாமல் அப்படியே போட்டால் செக்பாயிண்ட் நூறு மீட்டருக்கும் மேலே தள்ளிப் போய் யாரோ ஒருவர் வாழைத் தோட்டத்தில் நிற்கும். சுலபமான வழி, யாரும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் தோட்டச் சாலைகளை நீங்களே சேர்ப்பது. பெரும்பாலான தோட்டங்களில் உள்சாலைகள் அதில் பாதிகூட இருக்காது. இருப்பதும் மறுநடவுக்கு முந்தியதாக இருக்கலாம். இரண்டு பேர் மோட்டாரில் தடப் பதிவை ஓடவிட்டு ஒரு காலைப் பொழுது சுற்றினால் வேலை முடிந்தது. பிறகு ஓபன் ஓரியன்டியரிங் மேப் என்ற இலவச இணையக் கருவியில் அதே பகுதியை எடுத்து, செக்பாயிண்டுகளைக் குறித்து, அச்சடிக்கும் படத்தையும் மேப்ரன்னுக்கு வேண்டிய இரண்டு கோப்புகளையும் இறக்கிக்கொள்ளலாம். 1:10,000 அளவில் ஏ4 தாளுக்குள் சுமார் 2 கிலோமீட்டருக்கு 3 கிலோமீட்டர் அடங்கும். முதல் போட்டிக்கு அதுவே அதிகம்.

கோப்பைக் கையால் திருத்துபவராக இருந்தால் இரண்டு விஷயம். கேஎம்எல்லில் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு. கூகுள் மேப்பில் காட்டுவதற்கு நேர் எதிர். உங்கள் ஊர் 101-க்கு அருகே, 4.8-க்கு அருகே. அட்சரேகை 90-க்கு மேல் போகாது என்பதால் மாற்றிப் போட்டால் கோப்பு உடனே முரண்டு பிடிக்கும், அந்த வகையில் நமக்கு அதிர்ஷ்டம். தசமத்துக்குப் பிறகு ஐந்து இலக்கம் வேண்டும். நான்கோடு நிறுத்தினால் ஒரு படியே 11 மீட்டர். உங்கள் வட்டம் 15 மீட்டர்தானே.

போன்கள். தோட்டத்துப் பிள்ளைகள் கையில் இருப்பவை பெரும்பாலும் மலிவு விலை ஆண்ட்ராய்டு. அவற்றில் பல, பேட்டரியை மிச்சப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, திரை அணைந்ததும் பின்னணியில் ஓடும் ஆப்பைக் கொன்றுவிடும். ஓடியவர் பாதி செக்பாயிண்டுகள் பதிவாகாமல் வந்து முகத்தைத் தொங்கப்போட்டு நிற்பார். அமைப்புகளில் அந்த ஆப்புக்குப் பேட்டரி கட்டுப்பாடு இல்லை என்று மாற்ற வேண்டும். இருப்பிட அனுமதியில் "துல்லியமான இருப்பிடம்" இயங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஐபோனிலும் புதிய ஆண்ட்ராய்டிலும் இதைத் தனியாக அணைக்க முடியும். வாட்சாப் குழுவில் குறிப்பு அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள். போட்டிக்கு முந்திய வாரம் ஒரு மாலை பள்ளித் திடலுக்கு வரச் சொல்லி, மூன்று செக்பாயிண்ட் வைத்து ஒரு விளையாட்டு நடத்துங்கள். யார் போனில் கோளாறு என்று அங்கேயே தெரிந்துவிடும். போட்டியன்று காலை திறந்த வெளியில் பத்து நிமிடம் முன்பே ஆப்பைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். டேட்டா இல்லாமல் முதல் முறை இருப்பிடம் பிடிக்கப் போனுக்கு நேரம் எடுக்கும். போனைக் கால்சட்டைப் பின்பையில் வைப்பதைவிடக் கையிலோ தோளிலோ வைப்பது நல்லது, உடம்பும் சிக்னலை மறைக்கும்.

இரவுப் போட்டி ஆசை இருந்தால் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். பாம்பு ஒரு பக்கம். நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் சூரியன் மறைந்த பிறகு சில மணி நேரம் அயனி மண்டலம் கலங்கி ஜிபிஎஸ் சிக்னலைத் தடுமாறச் செய்வதும் உண்டு.

சோதனை நாளைத் தவிர்க்கவே கூடாது. மூன்று வெவ்வேறு போன்கள் எடுத்துக்கொள்ளுங்கள், அதில் ஒன்று உங்கள் நண்பர் கூட்டத்திலேயே மிக மலிவானதாக இருக்கட்டும். ஒவ்வொரு செக்பாயிண்டுக்கும் இரண்டு திசையிலிருந்து, ஓடும் வேகத்தில், நிற்காமல் வாருங்கள். மூன்றும் கத்தினால் அந்த இடம் தேறியது. இரண்டு கத்தி ஒன்று கத்தாவிட்டால் ஆரத்தைக் கூட்டத் தோன்றும். கூட்டாதீர்கள், செக்பாயிண்டைப் பக்கத்துச் சந்திக்கு நகர்த்துங்கள். ஆரத்தைக் கூட்டக் கூட்டப் பக்கத்துச் சாலையில் போகிறவனுக்கெல்லாம் புள்ளி விழும்.

முடிவுக் கோடு எங்கே என்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. முடிவு வட்டத்துக்குள் போன் நுழைந்த நொடியில் ஓட்டம் முடிந்ததாகக் கணக்காகிவிடும். திடலைக் கடந்து அடுத்த செக்பாயிண்டுக்குப் போகும் பாதை முடிவுக் கோட்டை உரசினால், பாதியில் பலர் தங்களுக்கே தெரியாமல் போட்டியை முடித்துவிடுவார்கள். எந்த வழியில் போனாலும் குறுக்கே வராத ஒரு மூலையில், தொடக்கத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

வரிசைப்படி ஓடச் சொல்வதைவிட, 90 நிமிடத்துக்குள் முடிந்தவரை பிடி, தாமதமானால் நிமிடத்துக்கு 10 புள்ளி போச்சு என்பது முதல் முறைக்கு ஏற்றது. எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பலாம், ஆளுக்கொரு திசையில் பிரிந்துவிடுவார்கள், ஒருவர் பின்னால் ஒருவர் ஓடும் தொல்லை இல்லை. தூரத்தில் இருப்பதற்கு 40, பக்கத்தில் இருப்பதற்கு 20 என்று வைத்தால் திட்டம் போடுவதிலேயே பாதி போட்டி இருக்கும். அறுபது வயது மாமாவும் பேரனோடு கலந்துகொள்ளலாம்.

தோட்டத்து விஷயங்களை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள், ஆனாலும் சொல்கிறேன். மேனேஜரிடம் கடிதம் கொடுத்து எழுத்திலேயே அனுமதி வாங்குங்கள். ஞாயிறு வையுங்கள், குலை வெட்டு இருக்காது. ஆனால் அந்த வாரம் எந்த பிளாக்கில் மருந்து அடித்தார்கள் என்று மண்டோரிடம் (வேலை மேற்பார்வையாளரிடம்) கேளுங்கள். பேராகுவாட் 2020-லிருந்து தடை என்றாலும் மற்ற களைக்கொல்லிகள் அடிக்கத்தான் செய்கிறார்கள். அந்த பிளாக்கை வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டு மூடிவிடுங்கள். வாய்க்காலில் இறங்க வேண்டிய வழியே வேண்டாம். எலிச் சிறுநீர்க் காய்ச்சல் விளையாட்டல்ல. நீளக் காலுறையும் மூடிய காலணியும் கட்டாயம். குளவிக்கூடு இருக்கிறதா என்று விடியற்காலைச் சுற்றில் பார்த்துக்கொள்ளுங்கள். பிற்பகல் இடிமழைக்கு முன்னால், பதினொரு மணிக்குள் எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். காலை ஏழரைக்குப் பெரட்டு மாதிரி வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு அனுப்புங்கள்.

வரைபடத்தின் மூலையில் உங்கள் எண்ணையும் 999-ஐயும் அச்சடியுங்கள். டேட்டா போகாத இடத்திலும் சில சமயம் குறுஞ்செய்தி போகும் என்பதையும் எழுதுங்கள். பாதியில் விட்டுவிட்டு நேரே வீட்டுக்குப் போய்விடுபவர்கள் எப்போதும் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். ஆப்பைப் பார்த்தால் அவர்கள் இன்னும் காட்டுக்குள் இருப்பதாகவே காட்டும். அதனால் திடலில் ஒருவர் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து, கிளம்பியவர் பெயரையெல்லாம் எழுதி, திரும்பியவரை அடித்துக்கொண்டே வர வேண்டும். அந்தத் தாளில் கடைசிப் பெயரையும் அடித்த பிறகு பலகைகளைக் கழற்றப் போங்கள்.